பெரியவர் போனால் விலை ஏறும்

“மாமா, சாய்க்காதீங்க. நேராப் பிடிங்க.”

“நேராத்தான் பிடிச்சிருக்கேன் பாப்பா. கதவுதான் கோணல்.”

கதவில் கோணல் ஒன்றும் இல்லை. மாமாவுக்கு இடது தோளில் வலி. அதைச் சொல்ல மாட்டார், கதவைச் சொல்வார். அவளும் அவரும் பொட்டலத்தைப் பக்கவாட்டில் திருப்பி உள்ளறைக்குள் கொண்டுபோய்ச் சுவரில் நிறுத்தினார்கள். பதினொன்றில் அது ஐந்தாவது. ஒன்பதரைக்குள் முன்னறையைக் காலி செய்தாக வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து அப்பா வந்துகொண்டிருந்தார்.

விடிந்ததிலிருந்து எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். வருகிறார், கிளம்பிவிட்டார், பாலத்தைத் தாண்டிவிட்டார் என்று. நேற்றுச் சாயங்காலம் மருந்துக்கடையில், மேசைக்குப் பின்னால், நெஞ்செரிச்சல் என்று தானே ஒரு மாத்திரையைக் கிழித்து வாயில் போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தவர் அவர். நாற்பது வருஷம் ஊராருக்கெல்லாம் மாத்திரை எடுத்துக் கொடுத்த கை, தனக்கு மட்டும் தப்பான மாத்திரையை எடுத்துவிட்டது.

“உள்ள என்னங்க, கண்ணாடியா?” என்று கேட்டாள் நாற்காலி கொண்டுவந்த எதிர்வீட்டு அக்கா.

“படம்,” என்றாள் அவள்.

“இவ்வளவுமா? ஒண்ணையாவது மாட்டியிருக்கலாமே.”

அவள் நாற்காலியை வாங்கிச் சுவரோரம் போட்டாள். அந்தக் கேள்வி இந்த வீட்டில் பல வருஷப் பழசு. வெயில் பட்டால் நிறம் போகும், தூசி பட்டால் மதிப்புப் போகும் என்பது அப்பாவின் கட்சி. மருந்தை எப்படி வைக்க வேண்டுமோ அப்படித்தான் படத்தையும் வைத்தார். தடிமனான பிளாஸ்டிக் தாளில் சுற்றி, ஓரமெல்லாம் டேப் ஒட்டி, மேலே பழைய போர்வை போர்த்தி, குறுக்கும் நெடுக்கும் கயிறு. மாத்திரை டப்பாவுக்குள் ‘தின்னாதே’ என்று எழுதின குட்டிப் பை கிடக்குமே, ஈரத்தை உறிஞ்ச, அதைக் கடையில் சேர்த்துச் சேர்த்துக் கொண்டுவந்து ஒவ்வொரு பொட்டலத்துக்குள்ளும் நாலைந்து போடுவார். இருட்டு, வறட்சி, காற்றுப் புகாத கட்டு. இந்த மூன்றும் இருந்தால் எதுவும் கெடாது என்பார்.

இத்தனைக்கும் அவர் படத்தைப் பற்றி ஒன்றும் தெரியாதவர். இருபது வருஷத்துக்கு முன்னால் ரத்தக்கொதிப்பு மாத்திரை வாங்கக் கடைக்கு வந்த ஒரு ஓவியர், கையில் காசில்லாமல், “ஒரு படம் எடுத்துக்கப்பா” என்று சொல்லப்போய்த் தொடங்கியது எல்லாம். மாத்திரைக்காக மட்டும் வாங்குவது முறையில்லை என்று மேற்கொண்டு கொஞ்சம் பணமும் கொடுத்துவிட்டு வந்தார். மூன்றாம் வருஷம் படக்கூடம் நடத்துகிற ஒருவர் தேடி வந்து, போட்டதுக்கு ஏழு மடங்கு கொடுத்து அதை வாங்கிப் போனார். அம்மாவுக்கு நடந்த வயிற்று ஆபரேஷன் முழுக்க அந்த ஒரு படத்தில் நடந்தது. கடன் இல்லை, நகை விற்கவில்லை. அம்மா பிழைத்தாள். அந்த ஒரு வெற்றிதான் அப்பாவைக் கெடுத்தது. அதன் பிறகு அந்த ஓவியப் பெரியவரிடமே ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தார்.

“இதுவும் நெலம் மாதிரிதான்,” என்பார் சாப்பிடும்போது. “ஒரே ஒரு வித்தியாசம். நெலத்தப் படைச்சவன் சாகமாட்டான். இதப் படைச்சவர் ஒரு நாள் போவாரு. அப்புறம் புதுசா ஒரு படம்கூட வராது பாரு, அன்னைக்கு ஏறும் வெல.”

“தங்கம்னா உருக்கலாம் அத்தான். படத்த என்ன பண்ணுவீங்க? ஒருத்தன் வந்து வேணும்னு சொன்னாத்தானே அதுக்கு வெல?” என்பார் மாமா. மாமாவுக்கு அதைச் சொல்ல யோக்கியதை குறைவு. அவர் வாங்கிப் போட்ட மனையில் மழைக்காலம் முழுக்க வாத்து நீந்தும்.

மாதாமாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, “மொதல் போட்ட எடத்தப் பாத்துட்டு வரேன்” என்று கிளம்புவார். “பெரியவர் இன்னும் இருக்காரான்னு பாக்கப் போறாரு” என்று அம்மா சிரிப்பாள். மகளும் ஒரு காலத்தில் கூடச் சிரித்தவள்தான். பதின்மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தச் சிரிப்பு நின்றுபோயிற்று.

அந்த வருஷம் அவளுக்குக் கட்டடம் வரைகிற படிப்பில் இடம் கிடைத்தது. அதே வருஷம் அப்பா வேலை பார்த்த பழைய கடையை முதலாளி விற்று, இவருக்கென்று ஒரு தொகை கொடுத்தார். அவள் புதுப் பை வாங்கிவிட்டாள், பெரிய அளவுகோல் வாங்கிவிட்டாள். பணம் கட்டக் கடைசி நாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது அப்பா ஒரு வேனில் நாலு பொட்டலத்தோடு வந்து இறங்கினார். “எல்லாம் உனக்குத்தான் பாப்பா,” என்றார். “படிப்பு அஞ்சு வருஷத்துல முடிஞ்சிடும். இது ஏறிக்கிட்டே இருக்கும்.” அவள் முகத்தைப் பார்க்காமல் அவர் சொன்னது அவளுக்கு இன்னும் நினைவிருந்தது.

இப்போது அவள் தரை ஓடு விற்கும் ஒரு கடையில், வருகிறவர்களின் குளியலறையைக் கம்ப்யூட்டரில் வரைந்து, எத்தனை பெட்டி ஓடு வேண்டும் என்று சொல்கிறாள். அப்பாவோடு சண்டை இல்லை. பேச்சும் இல்லை. நேற்றுக் காலையில்கூட “சாப்ட்டியா?” என்று கேட்டார். “ம்” என்றாள். கடைசிப் பேச்சு என்று தெரிந்திருந்தால் ஒரு வார்த்தையாவது முழுசாகச் சொல்லியிருப்பாள்.

ஒன்பதேமுக்காலுக்கு அப்பா வந்தார். கட்டிலில் படுக்கவைத்து, கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்தினார்கள். பொட்டலங்கள் இல்லாத முன்னறை அவ்வளவு பெரியது என்று யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. அம்மா தலைமாட்டில் உட்கார்ந்தவள் உட்கார்ந்தவள்தான். அழுகை வரும், நிற்கும், மறுபடி வரும். நடுவில் ஒருதரம் அவளைக் கிட்டே கூப்பிட்டு, “படமெல்லாம் பத்திரமா வெச்சியா?” என்று கேட்டாள்.

“வெச்சாச்சும்மா.”

“எதுலயும் இடிக்கலையே? உன்னப் படிக்க வெக்கலன்னு அவருக்கு உள்ளுக்குள்ள அவ்வளவு இருந்துச்சு. வித்து ஒரு நாள் அவ கையில குடுத்துடுவேன், அன்னைக்கு அவ எங்கிட்ட பேசுவான்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு.”

அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கே செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. கழுவின டம்ளர்களையே மறுபடி கழுவினாள்.

பதினோரு மணிக்குப் பெரியவர் வந்தார்.

எண்பத்திரண்டு வயசு. இரண்டு மாடி. ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று, கைத்தடியை முதலில் ஏற்றி, பிறகு தன்னை ஏற்றிக்கொண்டு வந்தார். வாசலில் அவரைப் பார்த்ததும் மாமா அவள் காதருகே குனிந்தார். “இவரு போவாருன்னுதானே அத்தான் காத்திருந்தாரு? ஆளு நடந்து வந்து நிக்கிறாரு.” சொல்லிவிட்டு மாமாவே முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவருக்கும் அத்தான் மேல் பிரியம் உண்டு, கிண்டல் அதற்கு மேல் போர்த்தின போர்வை.

அவள் அந்த மனிதரை இதற்கு முன் பார்த்ததில்லை. தன் படிப்பை விழுங்கினவர் என்று மனதுக்குள் ஒரு ஆளைச் செய்து வைத்திருந்தாள், தாட்டியாக, சால்வையும் தாடியுமாக. வந்தவர் சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டிருந்தார். அப்பாவின் கால்மாட்டில் நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு யாரையும் கேட்காமல் துணிக்குள் கைவிட்டு அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“மாசாமாசம் இவன் எனக்குப் பிடிப்பான்,” என்றார், பொதுவாக.

மாமா நாற்காலி போட்டார். பெரியவர் உட்காரவில்லை. “தம்பியோட பொண்ணு யாரு?” என்று கேட்டார். அவள் முன்னால் வந்தாள்.

“உள்ள கொஞ்சம் உக்காரலாமாம்மா? எனக்கு இங்க நிக்க முடியல.”

உள்ளறையில் பொட்டலங்களுக்கு நடுவே ஒரு முக்காலி போட்டு உட்காரவைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். அவர் பாதி குடித்துவிட்டு டம்ளரை மடியில் வைத்துக்கொண்டார்.

“மொத ஞாயித்துக்கிழமை வருவான். பிரஷர் பாப்பான். அந்த மாசத்து மாத்திரைய வேளாவேளைக்கு மடிச்சு வெச்சுட்டுப் போவான். நான் செத்தா படம் வெல ஏறும்னு மொத நாளே எங்கிட்ட சொல்லிட்டான். ஒளிச்சு வெக்கிற ஆளு இல்லையே. அப்புறம் எதுக்குடா என்னை மாத்திரை குடுத்து இழுத்துப் பிடிக்கிறேன்னு கேட்டேன். அது வேற, இது வேறன்னுட்டான்.” சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. “ஒருதரமாவது அவனுக்கு யாராவது பிரஷர் பாத்தீங்களாம்மா?”

இல்லை. யாரும் பார்க்கவில்லை. அவள் பார்க்கவில்லை.

“ஐயா, ஒண்ணு கேக்கணும்,” என்றாள். அந்தப் படிப்புப் பணத்தைப் பற்றிப் பதின்மூன்று வருஷமாகச் சேர்த்துவைத்த கேள்வி. சொல்லி முடித்து, அந்தக் கிழவர் முகம் மாறுவதைப் பார்க்க வேண்டும் என்றுதான் இருந்தது.

அவர் முந்திக்கொண்டார். “நான்தான் ஒண்ணு கேக்கணும். கேக்கக் கூடாத நாள்தான். ஆனா இந்த மாடிய நான் இன்னொரு தடவ ஏற மாட்டேன்.” டம்ளரைக் கீழே வைத்தார். “பதிமூணு வருஷம் முந்தி எனக்கு ரெண்டு கண்ணும் மங்கிப்போச்சு. ஆபரேஷனுக்குக் காசில்ல. இனிமே அவ்வளவுதான்னு, தெரிஞ்ச வரைக்கும் போட்டுடுவோம்னு, ஒரே மூச்சுல நாலு படம் போட்டேன். கண்ணு தெரியாததால சாயத்த அப்பி அப்பி வெச்சேன். உங்கப்பா வந்து பாத்தான். அவன் கணக்குப்படி என் கண்ணு போனா அவனுக்கு லாபம்தானே? மறுநாளே பணத்தோட வந்து நாலையும் எடுத்துக்கிட்டான். அந்தப் பணத்துலதான் ஆபரேஷன். எதுக்குடா நாலையும்னு கேட்டேன். பொண்ணுக்குன்னான். எனக்கு ரொம்பச் சந்தோஷமா இருந்துச்சும்மா.”

வெளியே யாரோ வந்தார்கள், அம்மாவின் அழுகை ஒருதரம் உயர்ந்து அடங்கியது.

“கண்ணு வந்ததுக்கப்புறம் அந்த நாலையும் நான் பாக்கவே இல்ல. எப்படி வந்திருக்குன்னு எனக்கே தெரியாது. நல்ல எடத்துல மாட்டியிருக்கேன்னு சொல்லுவான். ஒண்ணே ஒண்ண மட்டும் பாத்துட்டுப் போயிடவா?”

அவளுக்குக் கேள்வி மறந்துவிடவில்லை. அது பதிலோடு வந்து எதிரே முக்காலியில் உட்கார்ந்திருந்தது. அப்பா நல்லவர். அந்த நல்லதனத்துக்குக் கட்டணம் கட்டினவள் அவள். அவளைக் கேட்காமல் கட்டிவிட்டார், கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்து கட்டிவிட்டார். கோபமாகத்தான் இருந்தது. கோபித்துக்கொள்ள ஆள் முன்னறையில் துணி போர்த்திப் படுத்திருந்தார்.

நாலில் ஒன்றை இழுத்துக் கட்டிலில் சாய்த்தாள். கயிறு அவிழ்த்தாள். முடிச்சு ஒவ்வொன்றும் கடையில் பார்சல் கட்டுகிற முடிச்சு, ஒரு நுனியை இழுத்தால் போதும். போர்வையை எடுத்தாள். டேப்பைக் கத்தரித்தாள். குட்டிப் பைகள் பொலபொலவென்று தரையில் கொட்டின. உள்ளே அடைபட்டிருந்த எண்ணெய் வாசனை குப்பென்று வந்தது. பெரியவர் எழுந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தார்.

பிளாஸ்டிக் தாளின் நுனியைப் பிடித்து உரித்தாள். அது வரவில்லை. கொஞ்சம் அழுத்தி இழுத்தாள். காயத்தில் ஒட்டின துணியை எடுக்கும்போது கேட்குமே, அப்படி ஒரு சத்தம் வந்தது.

“நிறுத்தும்மா,” என்றார்.

அதற்குள் பாதி வந்துவிட்டது. கித்தானில் அங்கங்கே வெறும் துணி தெரிந்தது. ஒரு ஜன்னலின் கீழ்ப்பாதி இருந்தது, மேல்பாதி இல்லை. நாற்காலிக்கு இரண்டு கால். மிச்சமெல்லாம் தாளில் ஒட்டிக்கொண்டு அவள் கையோடு வந்திருந்தது.

பெரியவர் ஒரு விரலால் ஓரத்தைத் தொட்டார். தோல் மாதிரி மேலே ஆடை கட்டியிருந்தது. அழுத்தினார், உள்ளே இளகியது.

“ஈரத்தோடயே சுத்திட்டான்,” என்றார். “எண்ணெய்ச் சாயம் காத்துலதாம்மா காயும். இவ்வளவு தடிமனா வெச்சதுக்கு ஒரு வருஷமாவது சுவத்துல சும்மா தொங்கியிருக்கணும். மருந்தாட்டம் காத்துப் புகாம கட்டி வெச்சிருக்கான். பாவி, பத்திரமா வெச்சிருக்கான்.”

“மத்ததெல்லாம்?”

“மத்தது முன்னாடியே காஞ்சது. அது எப்படியிருக்குமோ, பிரிச்சாத்தான் தெரியும். இந்த நாலும் இப்படித்தான் இருக்கும்.”

எல்லாம் உனக்குத்தான் பாப்பா. இந்த நாலுதான் அவளுடையது. அவளுக்கு அழுகை வந்தது. படிப்புக்காக வந்ததா, படத்துக்காக வந்ததா, விற்று அவள் கையில் கொடுத்தால் பேசுவாள் என்று பதின்மூன்று வருஷம் காத்திருந்த மனிதருக்காக வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாமல் வந்தது.

பெரியவர் அவள் கையிலிருந்து தாளை வாங்கி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். இடம் வலம் மாறி, திட்டுத் திட்டாக, ஒரு அறை தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே வெயில், அறைக்குள்ளும் வெயில், அப்படி ஒரு மஞ்சள்.

“பரவாயில்ல,” என்றார். “கண்ணு தெரியாதவன் போட்ட மாதிரி இல்ல.”

தாளை அவள் கையில் கொடுத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். பிறகு முன்னறைப் பக்கம் தலையைத் திருப்பி, குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். “தம்பிகிட்ட சொல்லிடாதம்மா. தாங்க மாட்டான்.”

அவள் அவரைப் பார்த்தாள். அவர் என்ன சொன்னோம் என்று அப்போதுதான் அவருக்கே கேட்டது போலிருந்தது. வாய் கோணிக்கொண்டு போயிற்று. கைத்தடியின் பிடியில் நெற்றியை வைத்துக்கொண்டார். அந்த முதுகு குலுங்குவதைப் பார்த்துக்கொண்டு அவள் நின்றாள். அது என் படிப்புப் பணம் என்று இனி அவரிடம் சொல்ல வேண்டியதில்லை என்று தோன்றியது. அதையும் இவர் தாங்க மாட்டார்.

மாமா கதவைத் தட்டினார். “பாப்பா, வண்டி வந்துடுச்சு.” எட்டிப் பார்க்கப் போனவரை அவள் உடம்பால் மறைத்துக்கொண்டு நின்றாள். “என்ன, படத்தப் பிரிச்சிருக்கா? எப்படியிருக்கு?”

முன்னறையில் அம்மா தலையைத் தூக்கி இந்தப் பக்கம் பார்ப்பது கதவிடுக்கில் தெரிந்தது.

“நல்லா இருக்கு மாமா,” என்றாள் அவள், அம்மாவுக்குக் கேட்கிற மாதிரி. “எல்லாம் வெச்சது வெச்சபடி இருக்கு. அப்பா அவ்வளவு பத்திரமா கட்டி வெச்சிருக்காரு.”

அம்மா அப்பாவின் பக்கம் குனிந்து, “கேட்டீங்களா? அவளே சொல்றா,” என்றாள். சொல்லிவிட்டு, காலையிலிருந்து இல்லாத அழுகையை அப்போது அழுதாள்.

அவள் தாளை மடித்துப் படத்தின் மேலேயே வைத்து, போர்வையை இழுத்து மூடினாள். பெரியவரைக் கைத்தாங்கலாக எழுப்பிச் சுவரோரம் நிறுத்திவிட்டு முன்னறைக்கு வந்தாள். தூக்குவதற்கு ஆட்கள் வந்து நின்றார்கள். அப்பாவின் மார்பில் துணி விலகியிருந்தது. அவர் எப்போதும் போர்வையை உதைத்துவிட்டுத் தூங்குகிறவர். அவள் குனிந்து துணியை இழுத்துக் கழுத்துவரை சரிசெய்தாள்.

“சாப்ட்டேன்பா,” என்றாள். யாருக்கும் கேட்கவில்லை.

கையை எடுத்தபோது வெள்ளைத் துணியில், நெஞ்சுக்கு நேரே, இரண்டு விரல் அளவு மஞ்சள் ஒட்டியிருந்தது. ஒன்று கட்டைவிரல், ஒன்று ஆள்காட்டி விரல். அம்மா அதைப் பார்த்துவிட்டு ஈரத் துண்டை எடுத்தாள். அவள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இருக்கட்டும்மா.”

நாலு பேர் தூக்கினார்கள். அவள் மாடிப்படியின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்று பார்த்தாள். படி திரும்புகிற இடத்தில் ஜன்னல் வெளிச்சம் விழுந்தது. அதுவரைக்கும் அந்த மஞ்சள் தெரிந்தது.